தாயின் மனச்சோர்வு: 11 விழுக்காடா, 23 விழுக்காடா?

இரமணாசிரமத்திலுள்ள மாத்ருபூதேசுவரர் ஆலயம், இரமணரின் அன்னை அழகம்மையின் சமாதிமீது எழுந்தது. தாய்க்குக் கோயில் உள்ள இப்பகுதியிலும், பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதால், "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். இது பாதி உண்மையே. பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானே தணியும். தணியாமல் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் கெடுப்பது மனச்சோர்வு நோய்.

இங்கிருந்து வேலூர் செல்லும் வழியிலுள்ள கணியம்பாடி வட்டாரத்தில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 359 பெண்களைப் பிரசவத்திற்கு முன்பும், பின்பு 6 முதல் 12 வாரங்களிலும் ஆராய்ந்தனர். 2002-இல் வெளியான முடிவின்படி, 11 விழுக்காட்டினர் நோயுற்றனர். அதே ஆண்டில் விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் கண்டதோ 23 விழுக்காடு! எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஏனெனில் அவை அளந்த பொருள் ஒன்றல்ல. வேலூர்க் கணக்கு பிரசவத்திற்குப் பின் புதிதாக நோயுற்றோரைப் பற்றியது. கோவாக் கணக்கிலுள்ள 59 தாய்மாரில் 78 விழுக்காட்டினர் கருவுற்றிருந்தபோதே மனநலிவுற்றிருந்தனர். அளவுகோல்களும் வேறு. மேலும், 11 என்பது துல்லியமான எண்ணன்று, 7.1 முதல் 14.9 வரை அது இருக்கக்கூடும். பிழை எல்லையைக் கூறாத அளவீட்டை இயற்பியல் மாணவனே ஏற்கமாட்டான். செய்தித்தாள்களோ எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

காரணம் என்ன? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்கள் பிரசவத்தையடுத்து எல்லாத் தாய்மாருக்குமே வெகுவாகக் குறைகின்றன. ஆனால் எல்லாரும் நோயுறுவதில்லை. எனவே அது மட்டுமே காரணமாகாது. வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கருவுற்ற காலத்துத் துன்ப நிகழ்ச்சிகள், கைவேலைக்கு உதவியின்மை ஆகியவற்றை வேலூர் ஆய்வு சுட்டுகிறது. தாய்வீடு சென்றாலே போதும் என்ற நம் நம்பிக்கையும் இங்கே அடிபடுகிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. சேர்ந்து காணப்படுவதெல்லாம் காரணமாகிவிடாது. பிணக்கு சோர்வைத் தரலாம். சோர்ந்த மனத்திற்குச் சிறு பிணக்கும் பெரிதாகத் தோன்றலாம். இத்தகைய ஆய்வுகளில் கேள்வி கேட்கும் சூழலும் விடையை மாற்றும். மாமியார் அருகிலிருக்க மருமகள் மனம் திறப்பாளா? பிரசவத்திற்கு முன்பே நோயை அளந்தது வேலூர் ஆய்வின் பெருஞ்சிறப்பு. ஆனால் எது முந்தியது என்ற ஐயத்தை அது முழுதும் நீக்கிவிடாது.

பெண் பிறந்ததற்குத் தாயைக் குறை கூறுவதில் மட்டும் ஐயத்திற்கே இடமில்லை. குழந்தையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணுவே.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு பயன் தெளிவாகிறது. கருவுற்ற காலத்திலேயே நோய் பலரிடம் தொடங்குவதால், விசாரிப்பும் அப்போதே தொடங்கவேண்டும். எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும்போது, தனியே அழைத்து உறக்கத்தையும் மனத்தையும் பற்றிக் கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை. சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். இது குணப்படுத்தக்கூடிய நோய்.