பழைய ஜீப்பின் ஆயில் லீக்: நாமே பார்க்கலாமா?

"ஜீப்புன்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஊத்தி ஊத்தி ஓட்டிக்க வேண்டியதுதான்." பட்டறை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மகிந்திரா நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பாகம் பூட்டித் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய வண்டிகள் தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறியிருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டிக்கு இந்தப் பேச்சு பொருந்துமா? கார்க் கேஸ்கெட் காய்ந்து சுருங்கும், ரப்பர் சீல் வயதாகி விறைக்கும் என்பது உண்மை. அதனால் எல்லா ஒழுகலையும் ஒரே கணக்கில் வைத்து விட்டுவிடலாம் என்பது ஆபத்தான முடிவு.

ஒழுகலை எடைபோட, எண்ணெய் எங்கிருந்து குறைகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,440 சொட்டு. ஒரு மில்லிக்கு 20 முதல் 30 சொட்டு என்றால், மாதம் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போய்விடும். எஞ்சினில் இது நடந்தால் காலையில் டிப்ஸ்டிக் காட்டிக்கொடுக்கும். பழைய வில்லிஸ் வகை டிரான்ஸ்ஃபர் கேஸ் கொள்வதே ஒன்றரை லிட்டர் அளவுதான். அதற்கு டிப்ஸ்டிக் கிடையாது. பக்கவாட்டு பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்ப்பவருக்குத்தான் குறைந்தது தெரியும்.

போய்ச் சேரும் இடம் இன்னும் முக்கியம். இவ்வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் டிரம், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புற ஷாஃப்டிலேயே இருக்கும். அங்குள்ள சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிரம்முக்குள் இறங்கி லைனரை நனைக்கும். தரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் ஆள் ஏற்ற நிறுத்தும்போது வண்டி பிடிக்காது. பின் ஆக்ஸில் சீல் கசிவும் இதே ரகம். அது சக்கர பிரேக்கைக் கெடுக்கும். டேப்பட் கவர் ஓரத்தில் படியும் பிசுக்கை இவற்றோடு ஒன்றாக வைக்க முடியாது.

வீட்டு வேலைக்கு ஆதரவான வலுவான வாதம் கண்டுபிடிப்பில் இருக்கிறது. ஓட்டத்தில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும். அதனால் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, துடைத்துக் காயவிட்டு, சிறிது தூரம் ஓட்டி வந்து, மேலிருந்து கீழாகப் பார்த்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டுவது கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உட்புறம் தண்ணீர்போல் மெல்லிசாக வழிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்தப் பொறுமைக்குக் கூலி போட்டு பில் எழுத எந்தப் பட்டறையாலும் முடியாது. சொந்தக்காரருக்குத்தான் அந்த நேரம் உண்டு.

சீலைக் குற்றம் சொல்லும் முன் பிரீதரைப் பார்க்க வேண்டும். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் அந்தச் சின்ன மூச்சுக்குழல் சேறு அடைத்துக்கொண்டால், சூடான காற்று விரிந்து நல்ல சீலின் வழியாகவே எண்ணெயைத் தள்ளும். அதே ஆக்ஸில் ஓடையில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும். வடிக்கும்போது எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வருவது இதனால்தான். எஞ்சினுக்கும் இந்த விதி பொருந்தும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா? ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

இனி மருந்துகள். கசியும் இடத்தின் மேல் கேஸ்கெட் பேஸ்ட் அப்புவது பயனற்றது. எண்ணெய் படிந்த உலோகத்தில் அது ஒட்டாது. உள்ளே தாராளமாகப் போட்டாலும் கெடுதல்தான்: பிதுங்கிய துணுக்கு உடைந்து எஞ்சினின் ஆயில் வடிகட்டியை அடைக்கலாம். ஆயிலில் ஊற்றும் 'லீக் ஸ்டாப்' திரவம் விறைத்த ரப்பரைச் சற்று உப்பவைக்கும். தேய்மானத்துக்கும் கார்க்குக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. புதிய சீல்தான் சரியான வழி என்றாலும் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பழைய சீலின் உதடு உராய்ந்த இடத்தில் ஷாஃப்டைத் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தட்டினால் புது சீலும் விரைவிலேயே ஒழுகும். மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும், அல்லது சீலின் உதடு தேயாத பகுதியில் படும்படி சற்றுத் தள்ளி உட்காரவைக்க வேண்டும்.

எதிர்த்தரப்பிலும் வலு இருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தால் உயிரே போகலாம். சமதரையும் உறுதியான ஸ்டாண்டும் இல்லாதவர் அடியில் நுழையவே கூடாது. கிராங்கின் பின்பக்க சீலுக்குப் பல எஞ்சின்களில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் பின் ஹப் கூம்பு ஆக்ஸிலில் இறுகிக் கிடக்கும். புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் பேரிங் கெடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. அவசரமும் ஆற்றலும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு மற்றதன் பதிலைச் சொல்லக் கூடாது. பிரேக்கில் இறங்கும் கசிவு உடனே சரியாக வேண்டும். கை வராவிட்டால் மெக்கானிக்கிடம் போகட்டும், அதுவரை மலை ஏற வேண்டாம். கிராங்க் சீலின் மெல்லிய கசிவு, தினமும் அளவு பார்ப்பவருக்குக் கிளட்ச் வேலை வரும்வரை காத்திருக்கலாம்; எண்ணெய் கிளட்ச் தட்டை நனைத்து கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. கழுவிப் பார்ப்பது, பிரீதர், அளவு, டேப்பட் கவர் கேஸ்கெட் ஆகியவை சொந்தக்காரரின் வேலைகள். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புற சீலை, கருவியும் நிதானமும் உள்ளவர் தாமே மாற்றலாம். வடித்த எண்ணெயைக் கேனில் சேர்த்துக் கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள். மலையில் சாக்கடையில் ஊற்றியது ஓடைக்குத்தான் போகும். எல்லா ரிப்பேரையும் செய்யத் தெரியாதது குறையல்ல. தன் வண்டி எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாமல் அதில் ஆள் ஏற்றுவதுதான் குற்றம்.