வீரகதையும் கணக்கேடும்

உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறோம். கவிதையையும் நாவலையும் அந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் நமது விமர்சகர்கள், உலகெங்கும் இலட்சோபலட்சம் இளைஞர் கண்பதித்திருக்கும் கணினி விளையாட்டுக்களை மட்டும் வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுகின்றனர். மக்கள் எதைக் கூர்ந்து படிக்கின்றனரோ, அதனை விமர்சகனும் படித்தாக வேண்டும். அவ்விளையாட்டுக்களுட் புகும் ஒருவன் முதலிற் கற்றுக்கொள்வதும் ஒருவகை வாசிப்பையே.

கலிபோர்னியாவைச் சேர்ந்த பிளிசார்ட் கம்பனி 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்’ என்பதனை எடுத்துக்கொள்வோம். இணையத்தின் வழியாக ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் ஒருங்கே உலவும் விளையாட்டு அது. 2010 ஒக்டோபரில் அதன் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தைத் தாண்டியது. அரசர்களும் மாயவித்தைக்காரரும் நெருப்புக் கக்கும் டிராகன்களும் நிறைந்த வீரயுகக் கதையே அதன் உள்ளடக்கம்.

இனி அதன் உருவத்தை நோக்குவோம். விளையாட்டு வெளிவந்த காலத்துத் திரையில், இடப்புற மேல்மூலையில் வீரனது முகம். அதனருகே உயிரைக் காட்டும் பச்சைப் பட்டை. மந்திரம் வல்லவனாயின் அவனது ஆற்றலைக் காட்டும் நீலப் பட்டை. வலப்புற மேல்மூலையில் வட்டமான சிறு நிலப்படம். அடியில் 12 கட்டங்கள்; கட்டமொன்றுக்கு ஒரு விசை. விசையை அழுத்தினால் வாள் வீசப்படும். உடனே அக்கட்டம் இருண்டு, கடிகாரமுள் சுழல்வதுபோல் ஒளி சுழன்று திரும்பும்வரை அத்திறனை மீண்டும் பயன்படுத்த முடியாது. இக்கட்டங்களுக்குச் சற்று மேலே, ஒவ்வொரு கொலைக்கும் சிறிது சிறிதாக நிரம்பும் அனுபவப் பட்டை. அது நிரம்பினால் ஒரு படி உயர்வு. அன்று ஏறவேண்டிய படிகள் 60.

புதியவன் இத்திரையைக் கற்குந்தோறும் அவனுக்கு எதிரே விரிந்து கிடக்கும் உலகம் மங்கிப்போகிறது. வழியில் நிற்கும் உழவன் ஒருவனின் தலைக்குமேல் மஞ்சள் நிற வியப்புக்குறி தோன்றும். அவனிடம் ஒரு பணி உண்டென்பது அதன் பொருள். அவன் தன் துயரைப் பல வரிகளிற் கூறுவான். சில நாட்களில் அவ்வரிகளை எவரும் படிப்பதில்லை. எத்தனை ஓநாய்களைக் கொல்ல வேண்டும், கூலி என்ன என்னும் கடைசி வரிகளே போதுமானவை. வேலை முடிந்ததும் மஞ்சள் வினாக்குறி கூலிக்கு அழைக்கும். பொருட்களின் தரத்தையும் சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, செம்மஞ்சள் என்னும் நிறவரிசையே கூறிவிடுவதால், வாளின் வரலாற்றைக் கேட்பாரில்லை. தொடக்ககாலப் பெருந்தாக்குதல்களில் 40 பேர் ஒன்றுகூடி டிராகனை எதிர்த்தனர். அவர்களுள் மருத்துவனாக நின்றவன் பெரும்பாலும் டிராகனைக் காணவில்லை. குறைந்துகொண்டிருந்த 40 பட்டைகளையே கண்டான்.

கதை வீரயுகத்துக்குரியது, திரையோ தொழிற்சாலைக்குரியது. நேரக்கணக்கு, வேலைப்பங்கீடு, துண்டுவேலைக்குக் கூலி, பதவியுயர்வு ஆகிய அனைத்தும் அங்குள்ளன. மாதச் சந்தாவை நம்பி நிற்கும் கம்பனி விற்பது காலத்தை. எனவே காலம் வீணாகவில்லை என்னும் உணர்வை அது துளித்துளியாக அளந்து காட்ட வேண்டியிருக்கிறது. இங்கு உருவம் உள்ளடக்கத்தை வென்றுவிடுகிறது.

ஆயின், விளையாடுவோர் வெறும் களிமண் எனக் கருதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். இத்திரையை லுவா என்னும் கணினி மொழியின் துணையுடன் விளையாடுவோரே மாற்றியமைக்கக் கம்பனி இடமளித்தது. அவர்கள் எண்ணற்ற துணைச் செயலிகளை எழுதி இலவசமாகப் பகிர்ந்தனர். பணிக்குரிய இடத்தைப் படத்திற் காட்டிய ‘குவெஸ்ட் ஹெல்பர்’ அவற்றுள் ஒன்று. அத்தகைய வசதியை 2009 டிசம்பரில் கம்பனியே தன் திரையிற் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில், துணைச் செயலிகளுக்குப் பணம் பெறலாகாது, அவற்றின் நிரல் எவரும் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும் என அது விதித்தது. அறிவு பொதுவுடைமையாவது வரவேற்கத்தக்கதே. எனினும், அப்பொதுவுடைமையின் நடுவே பணம் பெறும் உரிமை ஒருவரிடம் மட்டும் எஞ்சியது என்பதையும் மறத்தலாகாது.

கிடைத்த உரிமையைக் கொண்டு மக்கள் எதை ஆக்கினர் என்பது இதனினும் கசப்பான வினா. போரில் எவர் எவ்வளவு சேதம் விளைவித்தார் என்று வரிசைப்படுத்திக் காட்டும் ‘றீகவுன்ற்’ பெரும் வரவேற்பைப் பெற்றது. ஒருவன் அணிந்துள்ளவற்றை ஒற்றை எண்ணாக்கிக் காட்டியது ‘கியர்ஸ்கோர்’. எண் குறைந்தவனைக் குழுவிற் சேர்க்க மறுப்பதும் வழக்கமாயிற்று. முதலாளி அனுப்பாமலே தொழிலாளர் நடுவிலிருந்து கங்காணி தோன்றிவிட்டான்! வேலையுலகின் துன்பத்தை மறக்க வந்தவர்கள் அதன் அளவுகோலைக் கையோடு கொண்டுவந்திருந்தனர்.

இவ்வுண்மையின் கொடிய முகத்தை 2007 இல் நியூ யோர்க் டைம்ஸ் வார இதழில் ஜூலியன் டிபெல் எழுதிய கட்டுரை காட்டியது. சீனாவின் நான்ஜிங் நகரத்துக் கூடமொன்றில் இரவுக்கு 12 மணிநேரம், மணிக்கு ஏறத்தாழ 30 அமெரிக்கச் சதத்துக்கு, இளைஞர்கள் இதே விளையாட்டை ஆடிப் பொன் சேர்த்தனர். அக்கற்பனைப் பொன் செல்வ நாடுகளின் விளையாட்டுக்காரருக்கு மெய்ப்பணத்துக்கு விற்கப்பட்டது. அதே பட்டைகள், அதே விசைகள். ஒருவனுக்கு ஓய்வு, மற்றவனுக்கு வயிற்றுப்பாடு.

அளவுமானிகள் இன்றி எக்கருவியும் இயங்காதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எதை அளப்பது என்பதை எவரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அறியாத ஒருவனின் அருகில் நின்று, ஒவ்வொரு கட்டத்தையும் பொறுமையுடன் விளக்கும் மூத்த விளையாட்டுக்காரனின் தோழமையை அளக்க அத்திரையிற் பட்டை கிடையாது. இத்தகையோரின் துணையாலன்றோ எத்தனையோ புதியவர்கள் அத்திரையைக் கற்றனர்!

ஆசிரியர்கள் மாணவரைத் திரையிலிருந்து விரட்டுவதனாற் பயனில்லை. அவன் அத்திரையைப் படிக்க ஏற்கெனவே அறிவான். இந்தக் குறியை இங்கு வைத்தவர் யார், இது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது, இந்த எண்ணிக்கையால் இலாபம் பெறுபவர் யார் என்று கேட்க அவனுக்குக் கற்பிப்போம். விளையாட்டுத் திரையிடம் இவ்வினாக்களை எழுப்பப் பழகியவன், தன் கைத்தொலைபேசியிடமும், நாளை தான் வேலைசெய்யப் போகும் அலுவலகத்தின் திரையிடமும் அவற்றையே எழுப்புவான்.