காயாகிப் போன மனிதர்

ஓர் ஆட்டத்தின் கருத்தை அதன் பெட்டியின் மேலுள்ள படத்தில் தேடுவோர் பலர். அக்கருத்து உறைவதோ ஆட்டத்தின் விதிகளில். முடிவு செய்யும் உரிமை எவருக்கு உண்டு, எவர் பிறர் கையால் நகர்த்தப்படுகிறார், எதற்குப் புள்ளி கிடைக்கிறது என்னும் மூன்றையும் நோக்கினால் ஆட்டத்தை அமைத்தவரின் உலக நோக்குப் புலப்பட்டுவிடும். இவ்வளவுகோலைக் கொண்டு 'புவேர்ட்டோ ரிக்கோ' என்னும் பலகை ஆட்டத்தை ஈண்டு ஆராய்வோம்.

ஜெர்மானியராகிய அந்திரேயாஸ் சைபார்த் அமைத்த இவ்வாட்டம் 2002-ஆம் ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டே ஜெர்மனியின் 'டாய்ச்சர் ஷ்பீலே பிரைஸ்' என்னும் பரிசையும் பெற்றது. அதன் சிறப்பை முதற்கண் கூறுதல் முறை. இதில் பகடை உருட்டுதல் இல்லை. நற்பேற்றுக்கு இடம் மிகச் சிறிது. கட்டடம் எழுப்புதல், விளைச்சல் எடுத்தல், கப்பலேற்றுதல் போன்ற பணிகளுள் ஒன்றை ஒருவர் தேர்ந்தால், ஏனையோரும் அதனைச் செய்யலாம். தேர்ந்தவர்க்கு ஒரு சலுகை கூடுதல், அவ்வளவே. ஆதலால் எவரும் சும்மா காத்திருப்பதில்லை. இடையில் தோற்று வெளியேறுவாரும் இல்லை. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் அனைவரையும் இறுதிவரை அரவணைத்துச் செல்லும் அமைப்பு இது.

இத்துணைப் பரிவு பலகையின் மேல் இருப்போர்க்கு உண்டா? ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்ட கரிபியத் தீவு களமாகிறது. மக்காச்சோளம், அவுரி, கரும்பு, புகையிலை, காப்பி ஆகியவை பயிர்கள். கப்பலில் பழுப்பு நிற வட்டுக்கள் வந்திறங்குகின்றன. ஆடுவோர் அவற்றைப் பங்கிட்டுத் தத்தம் தோட்டங்களில் வைக்கின்றனர். வட்டு இல்லாத தோட்டத்தில் விளைச்சல் இல்லை. ஆயினும் அவ்வட்டுக்குக் கூலி இல்லை, உணவு இல்லை, ஓடிப்போகவும் வழியில்லை. புள்ளியெல்லாம் கப்பலேற்றிய சரக்குக்கும் எழுப்பிய கட்டடத்துக்குமே. விதிநூல் அவ்வட்டுக்களைக் 'குடியேறியோர்' என்றது. அத்தீவில் அடிமை முறை ஒழிந்தது 1873-இல்தான் என்பதை அறிந்தவர் அப்பெயரை எங்ஙனம் ஏற்பர்?

கண்டனங்கள் எழுந்தன. 2022-இல் 'புவேர்ட்டோ ரிக்கோ 1897' என்னும் புதுப்பதிப்பு வந்தது. ஸ்பெயின் அத்தீவுக்குத் தன்னாட்சி வழங்கிய ஆண்டு அது. ஆடுவோர் இப்பொழுது அத்தீவின் உழவர். காய்கள் அவர் அமர்த்தும் தொழிலாளர். இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் உள்ளமைப்புப் பெரும்பாலும் பழையதே. தொழிலாளி என்று பெயர் பெற்ற காய் கூலி கேட்பதில்லை. பெயர் மாறியது, நிலை மாறவில்லை.

இந்நாட்டில் சஞ்சிக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர் பட்ட துன்பமும் நம் முன்னோர் பட்ட துன்பமும் ஒன்றெனல் வரலாற்றுப் பிழை. ஆயின், கப்பலிலிருந்து இறக்கி எண்ணப்பட்ட ஆள் என்னும் நிலை நம் தோட்டத்தார்க்குப் புரியாத ஒன்றன்று. நம் மாணவர் அப்பலகையின் முன் அமர்ந்தால், தம் பூட்டனைத் தம் கையாலேயே எடுத்து வைத்தவராவர்.

வேறு வகையாகவும் அமைக்கலாம் என்பதற்கு 2017-இல் வெளிவந்த 'ஸ்பிரிட் ஐலண்டு' சான்று. அதில் ஆடுவோர் தீவைக் காக்கும் ஆவிகளாகி, குடியேற வரும் அயலாரை ஒன்றுகூடி எதிர்ப்பர். தாக்குண்டு எஞ்சிய தீவு மக்களும் திருப்பித் தாக்குவர். அவர்களும் காய்களே; ஆயினும் செயலுடைய காய்கள்.

கூலி பெறாத காய் எழுந்து அடுத்தவர் தோட்டத்துக்குப் போகலாம் என ஒரு விதியைச் சேர்த்தால் 'புவேர்ட்டோ ரிக்கோ' சுவை குன்றுமா? தொழிலாளியை வைத்துக்கொள்ளும் திறமும் ஆட்டத்தின் திறங்களுள் ஒன்றாகும். சுவை மிகவே செய்யும். வகுப்பறைக்கு ஆட்டங்களைக் கொண்டுவரும் ஆசிரியர்கள் பெட்டியைத் திறந்ததும் விதிநூலைப் படிக்கட்டும். வெல்பவர் யார் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். உழைப்பவர் யார் என்று கேட்கப் பழக்குவது நம் கடமை.