பார்லியின் இரு வாரிசுகள்

விஸ்கி என்று எதைச் சொல்லலாம்? 1905-இல் லண்டனில் இது கோர்ட் வரை போன கேள்வி. இஸ்லிங்டன் நகராட்சி தன் எல்லைக்குள் இருந்த மதுக்கடைக்காரர்கள் சிலர் மேல் வழக்குத் தொடுத்தது. பாட் ஸ்டில் என்கிற செப்புக் கொப்பரையில் வடித்ததுதான் விஸ்கி, தொடர் வடிகலத்தில் மலிவாக எடுத்த தானியச் சாராயத்தை அதே பெயரில் விற்பது மோசடி என்பது அதன் வாதம். 1906-இல் மாஜிஸ்திரேட்டும் அதை ஒப்புக்கொண்டார். கலவை விஸ்கியில் பெரும்பணம் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1908-இல் அரச ஆணையம் உட்கார்ந்தது. இரண்டுமே விஸ்கிதான் என்று 1909-இல் அறிக்கை வந்தது. அது வேறு மாதிரி வந்திருந்தால், வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் மாப்பிள்ளைகளின் டியூட்டி ஃப்ரீ பையில் இன்று ஜானி வாக்கர் இருந்திருக்காது.

பீருக்கும் பழைய சட்டங்கள் உண்டு. பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது என்று பவேரியாவில் 1516-லேயே ஆணை போட்டார்கள். ஈஸ்ட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அது ஓர் உயிர் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் பவேரியாவைத் தாண்டி உலகத்து பீர்களையெல்லாம் இனம் பிரித்து, இது இன்ன வகை, இதன் லட்சணம் இன்னது என்று வகுத்தது எந்த அரசும் அல்ல, ஒரு பத்திரிகையாளர். பெயர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை, யார்க்‌ஷயர்க்காரர், 1942-இல் பிறந்து 2007-இல் மறைந்தவர். 1977-இல் வந்த அவருடைய உலக பீர் வழிகாட்டிதான் இன்றைய கிராஃப்ட் பீர்க்காரர்கள் வாயில் புரளும் ‘ஸ்டைல்’ என்ற பேச்சுக்கெல்லாம் மூலம். அதே மனிதர் 1989-இல் மால்ட் விஸ்கிக்கும் ஒரு கையேடு எழுதி, ஒவ்வொரு பாட்டிலுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்.

விஸ்கிக்கு வேலி கட்டியது சட்டம், பீருக்கு எழுத்து. நண்பர்கள் நாலு பேர் கூடி இரண்டையும் ருசித்து ஒப்பிட உட்காரும்போது வரும் வாக்குவாதங்களில் பாதி இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால் வருவது என்பது என் அபிப்பிராயம்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பார்லியை நனைத்து, முளைகட்டவிட்டு, உலர்த்தினால் மால்ட். அதை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை இறுத்து எடுக்கும் வரை இரண்டுக்கும் ஒரே வழிதான். ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்த சாற்றை ஈஸ்ட் விட்டு நொதிக்கவைத்தால் பீர். ஹாப்ஸ் போடாமல் நொதித்து எட்டு சதவீதம் போல ஏறியதை வடித்து, பீப்பாயில் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தால் விஸ்கி.

ஸ்காட்லாந்தின் இன்றைய சட்டம் 2009-இல் வந்தது. ஓக் மரப் பீப்பாய், அதுவும் 700 லிட்டருக்கு மிகாதது. குறைந்தது மூன்று வருஷம் ஸ்காட்லாந்திலேயே முதிர வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. தண்ணீரும் வெறும் கேரமல் நிறமும் தவிர எதுவும் சேர்க்கக்கூடாது. சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெயின், மால்ட் கலவை, கிரெயின் கலவை, இரண்டும் சேர்ந்த கலவை என வகை ஐந்து. இதில் ருசியைப் பற்றி நடைமுறையில் ஒன்றும் கிடையாது. கேரமல் சேர்க்க அனுமதி இருப்பதால் நிறமும் சாட்சி சொல்லாது. தங்கநிறம் தளதளவென்று இருக்கிறது, நல்ல வயசான சரக்கு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்.

அதே சட்டம் ஹைலண்ட், லோலண்ட், ஸ்பேசைட், கேம்பல்டவுன், ஐலா என்று ஐந்து வட்டாரப் பெயர்களுக்குக் காப்பும் கொடுக்கிறது. பாணி என்று ரசிகர்கள் பேசுவது இந்த ஐந்தைத்தான். 1988-இல் ஒரு பெரிய கம்பெனி ஊருக்கு ஒன்றாக ஆறு மால்ட்டுகளைத் தேர்ந்து ‘கிளாசிக் மால்ட்ஸ்’ என்று வரிசையாக அடுக்கி விற்றதிலிருந்து இந்தப் பேச்சு கடைத்தெருவுக்கு வந்தது. பழகுவதற்கு வசதியான படம்தான். ஐலா என்றால் புகை, ஸ்பேசைட் என்றால் பழம், லோலண்ட் என்றால் மென்மை. வீணையில் தஞ்சாவூர் பாணி, மைசூர் பாணி என்று ஊர்ப்பெயரில் சொன்னாலும் நாம் கேட்பது வாசிக்கும் விரலின் வழியைத்தான். இங்கேயும் ஊர் வெறும் முகவரி.

ஐலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் மரம் குறைவு, பீட் என்கிற சதுப்பு நிலக் கரிமண் ஏராளம். மால்ட்டை உலர்த்த அதை எரித்தார்கள்; புகை தானியத்தில் ஏறியது. லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லகாவுலின் ஆகிய மூன்று டிஸ்டில்லரிகளும் தெற்குக் கரையில் அடுத்தடுத்து இருப்பவை; மூன்றுக்குமே கடுமையான புகை. எங்கள் கூட்டத்தில் பாட்டிலைத் தினத்தாளில் சுற்றித்தான் ஊற்றுவோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு; எல்லாருக்கும் அவர் ‘சார்’. லஃப்ரோய்க்கை முதல் தடவை முகர்ந்ததும் கிளாஸைத் தள்ளி வைத்தார். “தம்பி, இது குடிக்கிறதா, புண்ணுக்குப் போடுறதா? ஆஸ்பத்திரி வராண்டா வாசனை அடிக்குதே!” பக்கத்திலிருந்தவர், “சார், டிங்சர் போனப்புறம் பின்னாடி கருவாடு வருது பாருங்க” என்றார். இரண்டும் சரி. பீட் புகையிலிருந்து வரும் ஃபீனால்களுக்கு மருந்து வாடை, புகை வாடை இரண்டும் உண்டு. லேபிளிலும் விளம்பரத்திலும் பெருமையாகப் போடும் ‘பிபிஎம்’ கணக்கு மால்ட்டில் அளந்தது. வடிக்கும்போதும் முதிரும்போதும் அதில் பெரும்பகுதி குறைந்துவிடும். எண் பெரிதாக இருப்பதாலேயே கிளாஸில் புகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

இதே தீவின் வடகிழக்கில் இருக்கிறது புனஹாவன். அதன் வழக்கமான சரக்கில் புகையே போடுவதில்லை. புரூக்லாடி என்ற இன்னொரு டிஸ்டில்லரி தன் பெயரில் புகையில்லாத விஸ்கியும், ஆக்டோமோர் என்ற பெயரில் உலகிலேயே புகை மிகுந்த விஸ்கிகளில் ஒன்றும் ஒரே கூரையின் கீழ் எடுக்கிறது. கேம்பல்டவுன் கதை இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் முப்பது டிஸ்டில்லரிகள் வரை புகைந்த சின்ன ஊர். பிறகு நொடித்துப் போய், இன்று பேர் சொல்ல ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா, 2004-இல் மறுபடி தொடங்கிய கிளென்கைல் ஆகியவைதான். ஸ்பிரிங்பேங்க் தன் பார்லி முழுவதையும் தானே முளைகட்டுகிறது. தன் பெயரிலான விஸ்கியைக் கொஞ்சம் புகையோடு இரண்டரை தடவை என்ற கணக்கில் வடிக்கிறது. லாங்ரோ என்ற பெயரில் கனத்த புகையோடு இரண்டு தடவை. ஹேசல்பர்ன் என்ற பெயரில் புகையே இல்லாமல் மூன்று தடவை. ஒரே ஊர், ஒரே கொப்பரைகள், மூன்று பாணி.

லோலண்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. மூன்று தடவை வடிக்கும் ஆக்கன்டோஷன் இளகிய சுபாவம் உள்ளது, தொடங்குபவர்களுக்கு நல்லது. ஸ்பேசைடில் ஸ்காட்லாந்தின் டிஸ்டில்லரிகளில் பெரும் பங்கு இருக்கிறது. அத்தனைக்கும் ஒரே ருசி என்று சொல்வது நியாயமில்லை.

பாணியை உண்மையில் தீர்மானிப்பதில் முதலிடம் பீப்பாய்க்கு என்பேன். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் புதிதாகக் கரித்த ஓக் கலத்தில்தான் முதிர வேண்டும். ஒரு தடவை போர்பனுக்குப் பயன்பட்ட 200 லிட்டர் பீப்பாய் அதற்கு மறுபடி ஆகாது; ஸ்காட்லாந்துக்கு மலிவாகக் கப்பலேறும். அதிலிருந்து வெனிலா, தேங்காய், தேன். ஷெர்ரி வைன் ஊறிய 500 லிட்டர் பீப்பாயிலிருந்து உலர்திராட்சை, அத்திப்பழம், கிராம்பு. ஒரே வருஷம் ஒரே டிஸ்டில்லரியில் வடித்ததை இந்த இரண்டிலும் போட்டு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டு ஊர்ச் சரக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

பீர் பக்கம் வந்தால் வேறு உலகம். அங்கே பாணியை வகுப்பது ஈஸ்ட்டும் ஹாப்ஸும் தண்ணீரும். 1842-இல் பில்சன் நகரில் யோசஃப் குரோல் காய்ச்சிய வெளிர்பொன் நிற லாகர்தான் இன்று உலகம் முழுக்கப் பச்சை பாட்டிலில் விற்பதன் மூதாதை. பவேரியாவின் கோதுமை பீரில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். ஒரு துளிப் பழமோ மசாலாவோ போடுவதில்லை, எல்லாம் ஈஸ்ட்டின் கைவேலை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸைச் சுற்றி லாம்பிக் காய்ச்சுகிறவர்கள் ஈஸ்ட்டே போடுவதில்லை. கொதித்த சாற்றைத் தட்டையான தொட்டியில் குளிர்கால இரவு முழுக்கத் திறந்து வைத்து, காற்றில் வருவது வந்து விழட்டும் என்று விடுவார்கள். புளிப்பேறி, தொழுவத்து வாடையும் கலந்து வரும் அதை முதல் முறை குடிப்பவர் கெட்டுப்போன பீர் என்றே நினைப்பார்.

ஐ.பி.ஏ. என்ற இந்தியா பேல் ஏலுக்கு நம் கரையோடு நிஜமான உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் போ பகுதியில் ஹாட்சனின் மதுவாலையிலிருந்து கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் பம்பாய்க்கும் பேல் ஏல் கப்பலேறியது. ஹாட்சன் கப்பல் தலைவர்களுக்கு நீண்ட கடன் கொடுத்தார். கிழக்கிந்தியக் கப்பல்கள் நின்ற துறையும் பக்கத்திலேயே இருந்தது. 1822-இல் பர்ட்டன் ஊரின் மதுவாலைக்காரர் ஆல்சாப் களத்தில் இறங்கினார். பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைத் துல்லியமாக எடுத்துக் காட்டும். போட்டியில் பர்ட்டன் ஜெயித்தது. கடல் பயணத்தைத் தாங்கவென்றே பலமாகக் காய்ச்சிய புது பீர் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். பீர் வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. கறுப்பு போர்ட்டரும் அதே கப்பல்களில் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தது. சிப்பாய்கள் குடித்தது பெரும்பாலும் அதைத்தான். பேல் ஏல் துரைமார் பானம்.

அந்த ஐ.பி.ஏ. தன் ஊரிலேயே சோனியாகிப் போன பிறகு, அமெரிக்காவில் மறுபிறவி எடுத்தது. 1965-இல் மூடப்போகும் நிலையில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் மதுவாலையை ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கினார். 1972-இல் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் வெளியானது. சாத்துக்குடித் தோலைக் கீறினாற்போல் மணம். 1975-இல் ஆங்கரின் லிபர்ட்டி ஏல் அந்த மணத்தோடு வந்தது. இன்றைக்கு பெங்களூர் மைக்ரோபுரூவரியில் ஐ.பி.ஏ. கேட்டால் கிளாஸில் வருவது இந்த அமெரிக்க வாரிசுதான். பர்ட்டன்காரர் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

இனி மதிப்பெண். பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க அமைப்பு 1985-இல் தொடங்கியது. அதன் தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் தரும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் அங்கே நடுவர் பார்ப்பது, இந்த பீர் தன் ஸ்டைலுக்கு விசுவாசமாக இருக்கிறதா என்பதை. அருமையான பீராக இருந்தாலும் பில்ஸ்னர் என்று பெயர் கொடுத்துவிட்டு வாழைப்பழம் மணந்தால் மார்க் போச்சு. விஸ்கியில் ஜாக்சனும் பின்னால் விமர்சகர் ஜிம் மர்ரேயும் போட்ட நூற்றுக்கான மதிப்பெண்ணில் அந்தக் கேள்வியே கிடையாது. லஃப்ரோய்க்கும் ஆக்கன்டோஷனும் ஒரே ஏணியில் ஏற வேண்டும். ஒன்று ‘தன் இனத்தில் எப்படி?’ என்று கேட்கிறது. மற்றது ‘எப்படி இருக்கிறது?’ என்று மட்டும். எங்கள் மேசையில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதச் சொல்ல ஆரம்பித்த பிறகு குரல்கள் கொஞ்சம் தணிந்தன. லாம்பிக்குக்கு சார் இனத்துக்கு ஒன்பதும், தன் விருப்பத்துக்கு இரண்டும் போட்டார்.

ஏற்பாட்டைப் பற்றிச் சில வார்த்தை. ஒரு அமர்வுக்கு ஐந்து மாதிரி போதும். விஸ்கி ஆளுக்கு 15 மில்லி, பீர் 100 மில்லி. ஆறாவதை மூக்கு கவனிக்காது. இரண்டையும் ஒரே நாளில் வைப்பதானால் பீர் முதலில். மெலிந்ததிலிருந்து கனத்ததுக்கு, கசப்புக் குறைந்ததிலிருந்து மிகுந்ததுக்கு, புகை கடைசியில். வாய் குறுகிய டூலிப் வடிவ கிளாஸ். 2001-இல் வந்த கிளென்கேர்ன் கிளாஸ் அதற்கென்றே செய்தது. சைட் டிஷ் விஷயத்தில்தான் நம்மவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சிக்கன் 65 வந்து உட்கார்ந்துவிட்டால் ஒப்பீடு அதோடு முடிந்தது. உப்பில்லாப் பொரியும் தண்ணீரும் போதும். வண்டி ஓட்டி வந்தவர் முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் எங்களிடம் விலக்கு கிடையாது.

தண்ணீர் விடலாமா என்று புதிதாக வருகிறவர்கள் தயங்கிக் கேட்பார்கள். ராவாக அடிப்பதுதான் வீரம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கலவை செய்கிற நிபுணர்களே ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும் வரை தண்ணீர் விட்டுத்தான் முகர்ந்து பார்ப்பது வழக்கம். பீப்பாய் பலத்தில், 58 சதவீதம் போல இருக்கும் கல் ஈலா என்ற விஸ்கியை ஊற்றி முகர்ந்தால் முதலில் ஸ்பிரிட் மூக்கில் குத்தும். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டால் எண்ணெய் இழைகள் போல நெளிந்து கலக்கும். அரை நிமிஷம் கழித்துப் புகை மேலே வரும், அதன் கீழே எலுமிச்சைத் தோல். புகை வாடைக்குக் காரணமான குவையகால் என்ற பொருள், தண்ணீர் சேரும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு நகர்கிறது என்று 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டினார்கள்.

வயது என்ற அளவுகோலை அசைத்தது பெங்களூர். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகும். பெங்களூரில் அது பத்தைத் தாண்டும். பன்னிரண்டு வருஷம் வைத்தால் பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் நாலைந்து வருஷத்திலேயே மரம் தன் வேலையை முடித்துவிடுகிறது. 1948-இல் தொடங்கிய அம்ருத் கம்பெனி, தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் முதலில் கொண்டுபோய் விற்றது கிளாஸ்கோவில். அதன் ஃபியூஷனில் முக்கால் பங்கு இந்திய பார்லி, கால் பங்கு ஸ்காட்லாந்தின் புகையேறிய பார்லி. தன் விஸ்கி வழிகாட்டி நூலின் 2010 பதிப்பில் ஜிம் மர்ரே அதை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். அந்தத் தரவரிசையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தினத்தாள் சுற்றிய பாட்டிலில் ஃபியூஷன் வந்தபோது ஒருவர் ஹைலண்ட் என்றார், ஒருவர் ஐலா என்றார், சார் மட்டும் “பதினஞ்சு வருஷம் ஊறினதுப்பா” என்று அடித்துச் சொன்னார். காகிதத்தைப் பிரித்த பிறகும் அவர் தன் கட்சியை விடவில்லை. அடுத்த முறை ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ, ஹேசல்பர்ன் மூன்றும் கிடைத்தால் வரிசையாக வைப்பதாக உத்தேசம்; எந்த ஊர் என்று அன்றைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.