தேசிங்குக்குக் காப்பி கிடையாது

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறி இறங்கினால் கால் தானாகக் காப்பிக் கடையைத் தேடுகிறது. 1714-ல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாபுடன் சண்டைக்குக் கிளம்பியபோது யாரும் டபரா செட்டை நீட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் காப்பி இல்லை.

இதே தலைப்பில் ஆ.இரா. வேங்கடாசலபதியின் கட்டுரைத் தொகுப்பு இருக்கிறது (காலச்சுவடு, 2000). படிக்காதவர்கள் உடனே வாங்குங்கள். நேற்று வந்த காப்பி எப்படி நடுத்தர வர்க்கத்தின், முக்கியமாக பிராமண வீடுகளின் அடையாளமானது, உழைப்பாளிக்கு டீ எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஆதாரத்தோடு, சுவாரஸ்யமாகச் சொல்கிறார். ஆய்வு என்றாலே கொட்டாவி விடுபவர்களுக்கு நல்ல மருந்து.

ஒரே ஒரு குறை. இது குடித்தவர்கள் கதை. பறித்தவர்களுக்கு அந்தக் காலத்திலேயே காப்பி இருந்தது சார்! நம் வீடுகளுக்கு ஃபில்டர் வருவதற்கு ரொம்ப முன்பே, 1830-களிலிருந்து, தமிழ்நாட்டுக் கிராமத்து ஜனங்கள் மன்னார் வழியாகக் காட்டில் நடந்து கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். காலராவில் வழியிலேயே செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்குகூட இல்லை. 1869-ல் இலைத் துரு நோய் தலைகாட்டியது. காப்பி போய்த் தேயிலை வந்தது. கூலிக்காரர்கள் அதே ஜனங்கள்தான். அவர்கள் தம்ளரில் என்ன இருந்தது என்று யாராவது இதே சுவாரஸ்யத்தோடு எழுதினால், முதல் பிரதி எனக்கு.