சுருள் கேன்வாஸ்: காசு எங்கே போக வேண்டும்

ஓவியர்கள் கூடும் இடத்தில் கேன்வாஸ் பேச்சு வந்தால், லினனா பருத்தியா என்ற வழக்கில்தான் அது போய் நிற்கும். லினன் கட்சிக்கு ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் சாட்சி. பருத்திக் கட்சிக்குச் சட்டைப்பை சாட்சி. வழக்கு பல காலமாக நடக்கிறது. ஆனால் தீர்ப்பைத் தீர்மானிப்பது நூல் என்று எனக்குத் தோன்றவில்லை. நூலுக்கும் வண்ணத்துக்கும் நடுவே பூசும் மெல்லிய பசைப் படலமும், துணியை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டமுமே படத்தின் ஆயுளை எழுதுகின்றன.

பெங்களூர் மர்பி டவுனில் வீட்டு முன்னறையையே பட்டறையாக வைத்துக்கொண்ட ஒருவரை நினைத்துக்கொள்வோம். அல்சூர் ஏரி பக்கத்தில்தான். ஊரோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில். மார்ச் பிற்பகலில் காற்று வறண்டு உதடு வெடிக்கும். ஆகஸ்டில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. இங்கே கட்டிய கேன்வாஸ் வருடத்தில் பலமுறை இறுகித் தளரும். குளிர்சாதனம் இல்லாத வீட்டில் அதைத் தடுக்க வழியில்லை. எனவே எந்தத் துணி உயர்ந்தது என்று கேட்பதைவிட, இந்த ஏற்ற இறக்கத்தை எந்தத் தயாரிப்பு தாங்கும் என்று கேட்பது பயனுள்ளது.

லினனுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். ஆளி நார் நீளமானது, விறைப்பானது. பருத்தியைப் போல எளிதில் நீண்டு தொய்யாது. நெசவில் இயல்பாகவே வரும் சிறு முடிச்சுகள் தூரிகைக்கு ஒரு பிடிமானம் தருகின்றன. பெரிய எண்ணெய் ஓவியத்தில் இந்த வேறுபாடு கைக்கே தெரியும். ஆனால் ஆளியும் பருத்தியும் வேதியியலில் ஒரே செல்லுலோஸ்தான். உலரும் எண்ணெயின் அமிலம் இரண்டையும் அரிக்கும். மட்டமாகப் பசையிட்ட விலையுயர்ந்த லினனைவிட, ஒழுங்காகப் பசையிட்ட பருத்தி நிச்சயம் மேல். ஜவுளிக்கடையில் சட்டைக்கு விற்கும் லினனை வாங்கிச் சட்டத்தில் அடிப்பவர்களும் உண்டு. அது உடம்பில் குழைந்து விழுவதற்காக மென்மையாக்கிய துணி. இழுத்துக் கட்டினால் தொங்கும்.

பருத்தியில்தான் தேர்வு சிக்கலானது. சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் ஓடும் சாதாரணக் காடா, பெரிய படத்துக்குப் போதாது. பழைய சினிமா பேனர்களுக்குக் காடா போதுமானதாக இருந்தது. அவற்றின் ஆயுள் படம் ஓடும் சில வாரங்கள்தான். நமக்கு வேண்டியது டக் எனப்படும் நெருக்கமான நெசவு. பாவிலும் ஊடையிலும் முறுக்கிய இரட்டை நூல் இருந்தால் இன்னும் நல்லது. எடையைக் கேட்கும்போது எச்சரிக்கை தேவை. ஒரு சதுர கஜத்துக்கு 10 அவுன்ஸ் என்றால் சுமார் 340 ஜி.எஸ்.எம். ஆனால் 'பத்தாம் நம்பர் டக்' என்பது வேறு கணக்கு: நம்பர் குறையக் குறையத் துணி தடிக்கும், பத்தாம் நம்பர் ஏறத்தாழ 500 ஜி.எஸ்.எம். வரும். கடைக்காரர் 'பத்து' என்றால், எந்தப் பத்து என்று கேளுங்கள். மூன்று, நான்கு அடிப் படங்களுக்கு 340 முதல் 400 ஜி.எஸ்.எம். போதும். கூடாரத்துக்கு மெழுகேற்றிய கித்தான் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நீரை விரட்டத் தயாரித்த துணி பசையையும் விரட்டும்.

அடுத்த சர்ச்சை, சுருளிலிருந்து வெட்டிய துணியைத் துவைக்கலாமா என்பது. தறியில் அறுந்துவிடாமலிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். அதைப் போக்கினால்தான் துணி 'சுத்தம்' என்று ஒரு தரப்பு வாதாடுகிறது. கலம்காரிக்காரர்களை உதாரணம் காட்டுவார்கள். சிக்கநாயக்கன்பேட்டையிலும் ஸ்ரீகாளஹஸ்தியிலும் துணியை ஊறவைத்து அலசி, கடுக்காயும் பாலும் ஏற்றிய பிறகே கலம் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய நோக்கம் வேறு. சாயம் நாருக்குள் இறங்கிப் பற்ற வேண்டும், அதனால் நாரைத் திறக்கிறார்கள். எண்ணெய் ஓவியருக்கு வண்ணம் நாரைத் தொடவே கூடாது. அவர் நாரை மூடுகிறார். எதிர்த்திசையில் போகிற இருவர் ஒரே வழியைக் கேட்டால் எப்படி? அதோடு, ஸ்டார்ச் கஞ்சி ஒரு அலசலில் முழுக்கப் போகாது. ஆலைகளில் அதற்கு நொதி போட்டு ஊறவைக்கிறார்கள். வாளித் தண்ணீரில் கிடைப்பது தாறுமாறான சுருக்கமும் நீங்காத மடிப்பும்தான். சட்டத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரால் சீராக நனைத்து, காய்ந்த பின் தளர்ந்த இடத்தை மறுபடி இழுத்துக் கட்டினால் போதும்.

நாரை மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹெலன் பிராங்கந்தாலர் 1952ல் வரைந்த 'மலைகளும் கடலும்' சான்று. கச்சா கேன்வாஸில் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றி ஊறவிட்ட படம் அது. ஓவிய வரலாற்றையே திருப்பியது. ஆனால் வண்ணத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து வளையமிட்டது. பின்னாளில் அவரே அக்ரிலிக்குக்கு மாறினார். அக்ரிலிக்கில் கறையோட்டம் செய்பவர் கச்சாத் துணியில் தாராளமாக வரையலாம். எண்ணெயில் அதைச் செய்வது துணிச்சல். விற்கும் படத்தில் செய்வது நேர்மைக் குறைவு.

பசைக்கு வருவோம். பழைய நூல்கள் முயல் தோல் பசையைப் புகழும். நம் தச்சர்களின் வச்சிரமும் அதே மிருகப் பசைக் குடும்பம். இது ஈரத்தில் இளகும், வறட்சியில் கடுமையாகச் சுருங்கும். மேலே இறுகிப்போன எண்ணெய்ப் படலம் அந்த இழுபறியைத் தாங்காமல் வெடிக்கும். மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே ஊசலாடும் வீட்டுக்கு இது பொருந்தாது. அமிலத்தன்மையற்ற பிவிஏ, அல்லது அக்ரிலிக் மீடியம் இரண்டு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு மூன்று பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக. ஜெஸ்ஸோ மட்டும் போதும் என்று டப்பாவில் எழுதியிருக்கலாம். எண்ணெய்க்கு அது போதாது. பின்புறம் மஞ்சள் கசிவு தெரியும். கடைசிப் பூச்சுக்குப் பின் மூன்று நாள் காத்திருங்கள். சுவர் ப்ரைமரைப் பூசி மிச்சம் பிடிப்பவர்கள் படத்தைச் சுருட்டும் நாளில் வருந்துவார்கள்: அதில் சுண்ணப்பொடி அதிகம், பிணைப்பு குறைவு.

கடையில் கிடைக்கும் ப்ரைமர் பூசிய சுருள்? பயிற்சிக்குச் சரி. வாங்குமுன் ஒரு மூலையை மடித்துப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் வைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளைகளைத் தேடுங்கள். சிறு துண்டு கிடைத்தால் முன்புறம் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டு மறுநாள் பின்புறத்தைப் பாருங்கள். மெல்லிய துணியைத் தடித்த ப்ரைமரால் மறைக்கும் தந்திரம் இந்தச் சோதனையில் பிடிபடும்.

சட்டத்தில்தான் நம் ஊரில் அதிகம் கஞ்சத்தனம். மூலைகளில் ஆணியடித்து மூடிவிட்டால், துணி தளரும்போது விரிக்க வழியில்லை. உட்சரிவு வைத்த, மூலையில் ஆப்பு ஏற்றக்கூடிய, நன்கு காய்ந்த மரச்சட்டம் கேளுங்கள். மூன்றடிக்கு மேல் நடுவே குறுக்குச் சட்டம் வேண்டும். இரண்டடிக்குள் அடங்கும் படத்துக்குத் தஞ்சாவூர் ஓவியர் வழியே சிறந்தது: துணியைப் பலகையில் ஒட்டிவிட்டால் அது ஆடுவதற்கே இடமில்லை.

ஆகவே என் முடிவு: மர்பி டவுன் வீட்டில் வரைபவர் 12 அவுன்ஸ் கச்சாப் பருத்தி டக் சுருளை வாங்கலாம். லினனுக்கு ஒதுக்கிய பணத்தை ஆப்புச் சட்டத்துக்கும் பசைக்கும் திருப்பலாம். ஐந்தடிக்கு மேற்பட்ட எண்ணெய் ஓவியத்தை ஒருவர் முன்பணம் கொடுத்துக் கேட்டால் மட்டும் லினன் வாங்குங்கள்; அப்போதும் பசையிலும் சட்டத்திலும் குறை வைக்காதீர்கள்.