மூன்று டம்ளர்கள்

கார் விமரிசனம் எழுதுகிறவர்கள் சீட்டின் தோலைத் தடவிப் பார்க்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை செகண்டு என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கிறார்கள். எஞ்சின் பிளாக்கை யாரும் விமரிசிப்பதில்லை. அதன் லட்சணம் பத்து வருஷம் ஓட்டின பிறகுதான் தெரியும். அதற்குள் விமரிசகர் அடுத்த காருக்குப் போயிருப்பார். எனவே கொஞ்சம் லேட்டாக, போர்ஷேயின் எம்96 எஞ்சினுக்கு ஒரு மதிப்புரை. 1996-ல் பாக்ஸ்டரிலும் அடுத்த வருஷம் 911-லும் வந்தது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் போர்ஷே ஏறக்குறைய மூழ்கிக்கொண்டிருந்தது. 1993-ல் தலைமைக்கு வந்த வெண்டலின் வீடேகிங், டொயோட்டா பாணி உற்பத்தி தெரிந்த ஜப்பானியர்களை வரவழைத்து, தொழிற்சாலையில் வேண்டாத செலவையெல்லாம் வெட்டினார். இரண்டு கார்களுக்கும் ஒரே மூக்கு, ஒரே குடும்ப எஞ்சின். முப்பது வருஷத்துக்கு மேல் காற்றில் குளிர்ந்துவந்த 911 தண்ணீருக்கு மாறியது. ரசிகர்கள் ‘ஐயோ, தண்ணீரா!’ என்று புலம்பினார்கள். புலம்பவேண்டிய இடம் அதுவல்ல.

பழைய எஞ்சினில் ஆறு சிலிண்டரும் தனித்தனி. ஒன்று கெட்டால் கழற்றி வேறு போடலாம். எம்96-ல் ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களும் பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டவை. ஒரு பாத்திரத்தின் அடியில் மூன்று டம்ளர்களைப் பற்றவைத்து, சுற்றிலும் தண்ணீர் விட்ட மாதிரி. அடியில்தான் பிடிப்பு. மேல் விளிம்பு சும்மா நிற்கிறது. இதற்கு ‘ஓப்பன் டெக்’ என்று பெயர். வார்ப்பது சுலபம், தண்ணீரும் நன்றாகச் சுற்றும். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது பக்கவாட்டிலும் அழுத்தும், நிமிஷத்துக்குச் சில ஆயிரம் தடவை. நாளடைவில் வட்டம் நீள்வட்டமாகிறது. சிலவற்றில் சிலிண்டர் சுவர் விரிசல் விட்டு, ‘டி’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் ஒரு துண்டு கழன்று விழுந்துவிடும். தண்ணீரும் ஆயிலும் கலந்து, எஞ்சின் அவுட்.

சுவரின் உள்பக்கத்துக்கு லோக்கஸில் என்று ஒரு சாமர்த்தியம். சிலிக்கான் நிறைந்த நுண்துளை வளையத்தை அச்சில் வைத்து, உருகிய அலுமினியத்தை அழுத்தி ஊற்றுவார்கள். அலுமினியம் துளைகளுக்குள் புகுந்து, தேயாத பரப்பு கிடைக்கும். புத்திசாலித்தனம்தான், சந்தேகமில்லை. பிஸ்டனின் மேல்பூச்சு தேயும்வரை. அப்புறம் கீறல் விழ ஆரம்பிக்கிறது.

‘சிலிண்டரைப் பெரிசாக்கிக்கொண்டே போனால் சுவர் மெலியாதா சார்?’ என்று கேட்பீர்கள். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கிடையே 118 மில்லிமீட்டர். முதல் பாக்ஸ்டரில் சிலிண்டரின் விட்டம் 85.5. 911-ல் 96. பின்னால் எம்97 என்று பெயர் மாற்றி வந்த 3.8 லிட்டரில் 99. மிச்சமிருக்கும் 19 மில்லிமீட்டருக்குள் இரண்டு சுவர், நடுவில் தண்ணீர்.

இடமில்லை, என்ன செய்வது என்று போர்ஷே சொல்ல முடியாது. அதே சமயத்தில் அவர்களே விற்ற 911 ஜிடி3-யில் அதே 118-க்குள் 100 மில்லிமீட்டர் சிலிண்டர் இருந்தது. அது ஹான்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த எஞ்சின். 1998-ல் லெ மான் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த ஜிடி1-இன் உறவு. தனியாகச் செய்து செருகிய லைனர்கள், உள்ளே நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த நிக்கஸில் பூச்சு. ஆக, உறுதியாகச் செய்யத் தெரிந்திருந்தது. அதை விலை கூடின 911-க்கு வைத்துக்கொண்டார்கள். சாதா 911 வாங்கினவருக்கும் வண்டியின் பெயரில் அதே எண்தான். என் குறை இதுதான். சிக்கனத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் கம்பெனியே மிஞ்சியிருக்காது.

அமெரிக்காவில் சில பட்டறைகள் இந்தப் பிளாக்கை இப்போது திருத்தி எழுதுகின்றன. பழைய சிலிண்டரைக் குடைந்து எடுத்துவிட்டு, நிக்கஸில் பூசிய தடித்த அலுமினிய லைனரை மைக்ரான் சுத்தமாகச் செருகுகிறார்கள். இரும்பு லைனர் மலிவாயிற்றே? சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் அலுமினியம். அது விரிவதற்கு இடம் விட்டால், குளிர்ந்த எஞ்சினில் இடைவெளி அதிகமாகி ‘டக் டக்’ என்று தட்டும். சூட்டைத் தண்ணீருக்குக் கடத்துவதிலும் இரும்பு மந்தம்.

சுவரைத் தடிமனாக்கினால் போச்சு என்பதும் சரியில்லை. கால் மைல் டிராக் ரேஸ்காரர்கள் சிலர் தண்ணீர் ஓடும் பாதையிலேயே சிமென்ட் மாதிரி ஒரு கலவையை ஊற்றி இறுக்கிவிடுகிறார்கள். பிளாக் பாறை போல் இருக்கும். பத்து செகண்டு ஓட்டத்துக்குப் போதும். அந்தக் காரில் டிராஃபிக் சிக்னலில் நின்றீர்களானால் காபி போடலாம்.

பட்டறைக்காரர்களிடமும் எனக்கு ஒரு புகார். பயத்தையும் சேர்த்து விற்கிறார்கள். ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிற எம்96-கள் ஏராளம். பழைய பாக்ஸ்டர் ஒன்றை மலிவாக வாங்கி, காரின் விலையைவிட அதிகமாக எஞ்சினுக்குக் கொட்டுவது பக்தியில் சேர்த்தி. ஆனால் வேலை சுத்தம். அதை மறுக்க முடியாது.

2008-ல் போர்ஷே புது எஞ்சின் கொண்டுவந்தது. அதில் 3.8 லிட்டரின் சிலிண்டர் விட்டம் 102. டம்ளர்களின் மேல் விளிம்பைச் சுற்றிலும் உலோகத்தால் இணைத்து ‘க்ளோஸ்டு டெக்’ ஆக்கிவிட்டார்கள். எம்96-ல் பேரிங் உடைந்து வழக்குவரை போன இடைத்தண்டும் அதில் இல்லை. மன்னிப்புக் கடிதத்தை இத்தனை அழகாக வார்த்து எடுத்து நான் பார்த்ததில்லை.

முந்தின எஞ்சின் உள்ள 911-ஐ செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாகச் சின்ன கேமரா விட்டு சிலிண்டர் சுவரைப் பார்க்கிறார்கள். அது போதாது. அடியில் ஆயில் சம்ப்பையும் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குத் தள்ளிவிட்டு, கீழேயிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள்.